ஃபவுண்டேஷன் நாவல்களை எந்த வரிசையில் வாசிப்பது? தொடக்க வாசகருக்கான செய்முறை

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களை வாசிக்கத் தொடங்கும் எவரும் முதலில் தடுமாறுவது, எந்த நூலைக் கையில் எடுப்பது என்பதில்தான். ரோபாட் கதைகள், பேரரசு நாவல்கள், ஃபவுண்டேஷன் நாவல்கள் என்ற மூன்று கிளைகளில் முதன்மையான நூல்கள் மட்டுமே 15 இருக்கின்றன. கதையில் முன்னதாக நடப்பவை சில, எழுத்தில் மிகவும் பின்னதாக வந்தவை. கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றினால், முக்கியமான திருப்பம் எதுவும் முன்கூட்டியே தெரிந்துவிடாமல் முழுவதையும் வாசித்துவிடலாம்.

படி 1: இரண்டு காலங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நூலின் பெயரையும், அது வெளியான ஆண்டையும், கதை நடக்கும் காலம் முந்தையதா பிந்தையதா என்பதையும் எழுதுங்கள். ‘ஃபவுண்டேஷன்’ 1951இலும், ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ 1952இலும், ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ 1953இலும் நூலாக வந்தன. அடுத்த நாவலான ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ 1982இல்தான் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு நீண்ட இந்த இடைவெளியைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள். வரிசைச் சிக்கல் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ரோபாட்டுகளுக்கான மூன்று விதிகளை (மனிதருக்குத் தீங்கு செய்யாமை, கட்டளைக்குப் பணிதல், தன்னைக் காத்துக்கொள்ளல்) வெளிப்படையாகச் சொன்ன ‘ரன்அரவுண்ட்’ சிறுகதை ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் 1942 மார்ச்சில் வெளிவந்தது. முதல் ஃபவுண்டேஷன் கதை அதே இதழில் அதே ஆண்டு மே மாதம் வெளிவந்தது. இரண்டே மாத இடைவெளியில் ஒரே இதழில் பிறந்தும், முதல் மூன்று ஃபவுண்டேஷன் நூல்களில் ரோபாட் தலைகாட்டவே இல்லை. இரண்டு கிளைகளையும் அசிமோவ் ஒன்றாகப் பிணைத்தது 1980களில்தான். ஆகவே, அந்தப் பிணைப்பை எந்தக் கட்டத்தில் எதிர்கொள்வது என்பதே வாசகர் எடுக்க வேண்டிய முடிவு.

படி 2: 1951ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குங்கள்

கதைக்காலப்படி ‘ஃபவுண்டேஷ’னுக்கு முன்னால் நிற்பது, 1988இல் வந்த ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’. அதனாலேயே பலர் அதை முதலில் எடுத்துவிடுகிறார்கள். ஹாரி செல்டன் யார், பெருந்திரளான மக்களின் எதிர்காலத்தைக் கணிக்க அவர் வகுக்கும் உளவரலாறு என்ற கணிதத் துறை எதற்குப் பயன்படப்போகிறது என்பதை அறிந்த வாசகரை மனத்தில் வைத்தே அந்நாவல் எழுதப்பட்டிருக்கிறது. அதன் இறுதியில் வெளிப்படும் ஓர் உண்மை, மற்ற நூல்களை வாசிக்காதவருக்கு வெறும் தகவலாகவே போய்ச்சேரும்.

அந்நாவலின் முன்னுரையில் அசிமோவே கதைக்கால வரிசையில் ஒரு பட்டியல் தந்திருப்பது குழப்பத்தை இன்னும் வளர்த்திருக்கிறது. அது அவருடைய எதிர்கால வரலாற்றின் கால அட்டவணை. தொடக்கத்தில் ஒத்திசைவைத் திட்டமிடவில்லை என்பதையும் அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார். இரண்டாம் வாசிப்புக்கு அந்தப் பட்டியல் மிகவும் பயன்படும்.

‘ஃபவுண்டேஷன்’ ஐந்து பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதியின் நாயகர் அடுத்த பகுதியில் பெரும்பாலும் இருக்கமாட்டார்; பல ஆண்டுகள் கடந்துவிட்டிருக்கும். ஒரே நாயகரைப் பின்தொடர்ந்து பழகியவர்கள் சலித்துப்போவது இங்கேதான். முதல் பகுதியின் தொடக்கத்தில் உள்ள கலைக்களஞ்சியக் குறிப்பைக் கவனமாக வாசியுங்கள்: செல்டன் பேரரசு ஆண்டு 11,988இல் பிறந்து 12,069இல் இறந்தார் என்றும், ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நிறுவப்பட்டதிலிருந்து எண்ணும் ஆண்டுக்கணக்கில் அது −79 முதல் 1 வரை என்றும் அக்குறிப்பு சொல்கிறது. இதை உங்கள் தாளில் எழுதிக்கொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு நெருக்கடியும் எத்தனையாவது ஆண்டில் நிகழ்கிறது என்பது தானாகவே பிடிபடும்.

படி 3: அடுத்த இரண்டையும் இடைவெளியின்றி வாசியுங்கள்

‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பய’ரின் பிற்பாதியில் ஒரு மர்மம் இருக்கிறது. பின்னட்டைக் குறிப்பையும், இணையத்தில் உள்ள கதைச்சுருக்கங்களையும் அதை வாசித்து முடிக்கும்வரை பார்க்காதீர்கள். மூன்றாம் நூல் அந்த மர்மத்தின் தொடர்ச்சியிலேயே தொடங்குகிறது. இவ்வளவு போதும் என்று நினைப்பவர்கள் ‘செகண்ட் ஃபவுண்டேஷ’னோடு தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம், என் கணிப்பில் தொடரின் மிகச்சிறந்த பக்கங்கள் இந்த மூன்றிலும்தான் இருக்கின்றன.

படி 4: இங்கிருந்து ரோபாட் கிளைக்கு மாறுங்கள்

வெளியீட்டு வரிசையிலிருந்து நான் விலகச் சொல்லும் ஒரே இடம் இது. 1982ஆம் ஆண்டு நாவலைத் தள்ளி வைத்துவிட்டு, ‘ஐ, ரோபாட்’ (1950) சிறுகதைகளையும், அதன்பின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954), ‘தி நேக்கட் சன்’ (1957), ‘தி ரோபாட்ஸ் ஆஃப் டான்’ (1983), ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ (1985) ஆகியவற்றையும் இதே வரிசையில் வாசியுங்கள். சிறுகதைகள் மூன்று விதிகளைப் பழக்கிவிடும். நாவல்களில் முதல் மூன்றும், வெட்டவெளியைக் கண்டாலே நடுங்கும் நியூயார்க் துப்பறிவாளர் இலைஜா பேலி, டேனீல் என்ற ரோபாட்டோடு சேர்ந்து துப்புத்துலக்கும் கதைகள்.

‘தி நேக்கட் சன்’ நடக்கும் சோலாரியா கிரகத்தில் இருபதாயிரம் மனிதர்களே வாழ்கிறார்கள்; நேருக்கு நேர் சந்திப்பதே அவர்களுக்கு அருவருப்பு. இதே கிரகம் 1986இல் வந்த ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ நாவலில் மீண்டும் வருகிறது. பேலி கண்ட சோலாரியாவை அறிந்தவர்களுக்கே அந்த அத்தியாயங்களின் அச்சம் முழுமையாகப் புலப்படும். ரோபாட் நாவல்களை முன்னுக்குக் கொண்டுவந்ததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

படி 5: பிற்கால நான்கு நாவல்கள்

இப்போது ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’, ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’, ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’, ‘ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்’ என்ற வரிசையில் செல்லுங்கள். இவற்றில் முதல் நாவல் முந்தையவற்றைவிட மெதுவாக நகரும், உரையாடலும் நீளம். ஆயினும் 1983இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்றது அதுதான். கடைசி நூல் அசிமோவ் 1992இல் மறைந்தபின், 1993இல் வெளிவந்தது. செல்டனின் முதுமையைச் சொல்லும் அந்நாவலை முன்கூட்டியே வாசிக்க வேண்டாம்.

படி 6: மீதியை விருப்பம்போல் வையுங்கள்

‘பெபிள் இன் தி ஸ்கை’ (1950), ‘தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’ (1951), ‘தி கரண்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ (1952) ஆகிய பேரரசு நாவல்கள் தனித்தனிக் கதைகள். எப்போது வாசித்தாலும் பாதகமில்லை. ஒன்று மட்டும் போதுமென்றால் முதலாவதை எடுங்கள். இரண்டாவது சற்றுத் தளர்வானது. கிரெகரி பென்ஃபோர்ட், கிரெக் பேர், டேவிட் பிரின் ஆகியோர் 1997 முதல் 1999 வரை ஆளுக்கொன்றாக எழுதிய மூன்று நாவல்களை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். 2021இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் கதையைப் பெரிதும் மாற்றியிருப்பதால், வரிசைக்கு அதை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம்.