தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாவல் கொடுப்பது எப்படி: ஒரு நூலகப் பொறுப்பாசிரியையின் குறிப்புகள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மஸ்கெலியாப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு இரும்பு அலுமாரி, ஒரு நீள மேசை, மழை பெய்தால் சாத்தி வைக்க வேண்டிய ஒரு ஜன்னல், அவ்வளவுதான். தரம் 8 முதல் உயர்தரம் வரையுள்ள பிள்ளைகளுக்கு என்ன நாவல் வாங்கலாம், எதை முதலில் கொடுக்கலாம் என்று பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

வாங்குவதற்கு முன்னால் இருப்பதைக் கழியுங்கள். நன்கொடையாக வரும் பெட்டிகளைத் திறந்தால் பழைய பாடத்திட்ட வினாத்தாள் தொகுப்பு, யாரோ ஒரு பெரியவரின் மணிவிழா மலர், ஐந்து பாகச் சரித்திர நாவலில் மூன்றாம் பாகம் மட்டும், இப்படித்தான் இருக்கும். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்தால், பிள்ளை கையில் எடுக்க வேண்டிய புத்தகம் அந்தக் கூட்டத்துக்குள் காணாமல் போய்விடும். அலுமாரி பாதி காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

நூலகங்கள் புத்தகங்களை வகை பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று ஒரு எண் இருக்கிறது. பரிசோதனைக்கு வருபவர்களுக்காக அதை முதுகில் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் வண்ணத்தாள் ஒட்டினேன். பச்சை என்றால் ஒரு வாரக் கடைசியில் முடிந்துவிடும், மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும், சிவப்பு என்றால் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஆனால் சிவப்புத் தாள் ஒட்டியதைத்தான் எல்லாரும் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

இனி, பலரும் என்னோடு சண்டை பிடிக்கும் விஷயம். தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் நாவலாகத் தோட்டக் கதையைக் கொடுக்காதீர்கள். நம் எழுத்தாளர், நம் மண், நம் வலி என்று பெருமையோடு எடுத்து நீட்டத்தான் நமக்கு ஆசை. ஆனால் அம்மா காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுவதையும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் தகராறையும் அந்தப் பிள்ளை தினமும் பார்க்கிறது. புத்தகத்தைத் திறந்தாலும் அதே லயம் (தோட்டத்து வரிசை வீடு), அதே அட்டைக்கடி என்றால், கதைப் புத்தகம் என்பதே இன்னொரு பாடப்புத்தகம் என்று முடிவுகட்டிவிடும். வாசிப்பு ருசி பிடித்த பிறகு அதே கதைகளைக் கொடுத்துப் பாருங்கள், விழுந்து விழுந்து வாசிப்பார்கள்.

முதல் நாவலாக நான் கொடுப்பது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’. 1947இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. தென்கரையோரக் கிராமம் ஒன்றில் அடங்காப்பிடாரியாகத் திரியும் உபாலி, அவனுடைய கூட்டாளி ஜின்னா, வீட்டை விட்டு ஓட்டம், களப்புக்குள் ஆளில்லாத ஒரு தீவு. இதற்கு மேல் நான் என்ன விளம்பரம் செய்ய வேண்டும்? இரண்டு பையன்களும் காடு வெட்டி, பயிர் வைத்து, தாங்களே பிழைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தரம் 9 வகுப்பில் ஒரு பையன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “டீச்சர், அவங்க வெட்டின காடு கடைசியில அவங்களுக்கேவா?” என்று கேட்டான். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து காடு வெட்டியும் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி வரும். தேயிலைத் தோட்டமே வராத ஒரு நாவலில் அவன் தன் தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான். இந்தப் புத்தகத்தில் மூன்று நான்கு பிரதி வாங்குங்கள். ஒன்று எப்படியும் தொலையும்.

அதற்கடுத்துப் பச்சைத்தாள் வரிசையில் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. கரிசல் காட்டுச் சிறுவன் வெங்கடேசு, பறவைகள், முட்டை சேர்க்கும் பைத்தியம். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு நம் பிள்ளைகளுக்குச் சிரமமாக இருக்குமோ என்று தயங்குவார்கள். தேவையில்லை. நம் வீட்டுக் கிழவிகளின் பேச்சும் தென்தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததுதானே. “இது எங்க அப்பாயி பேசுற மாதிரியே இருக்கு டீச்சர்” என்பார்கள். அந்துவான் து செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ மெல்லிசுப் புத்தகம், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டாது. ஒட்டினால் விடாது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்து எழுதியது. 2023இல் இந்திய சாகித்திய அகாதமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வரலாற்றுப் பாடத்தில் தூங்குகிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2020இல் அதே விருதைப் பெற்ற நூல். பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்றின் வழியாக, பெரியவர்களின் தப்பான தொடுகையைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுகிறது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்கும் அப்பா கொழும்புக்கும் போய்விட, பிள்ளை வேறொருவர் பொறுப்பில் வளரும் வீடுகள் நம்மிடம் எத்தனை! இதை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால், “இந்தா, நீ வாசி” என்று ஒரு பிள்ளையிடம் நீட்டாதீர்கள். மற்றப் பிள்ளைகளின் கண் அந்தப் பிள்ளைமேல் விழும். மேசையில் நாலு புத்தகத்தோடு சேர்த்துக் கிடக்கட்டும். வாசித்த பிள்ளை எதையாவது சொல்ல வந்தால் யாரிடம் கூட்டிப் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். பாடசாலை ஆலோசனை ஆசிரியர், இல்லாவிட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம்.

மஞ்சள் வரிசையில் எனக்குப் பிடித்தது சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. கிர்கிசிய மலைக் கிராமம். தானே அரைகுறையாகப் படித்த தூய்ஷேன் என்ற இளைஞன் பழைய குதிரை லாயம் ஒன்றைப் பள்ளிக்கூடமாக்குகிறான். பனிக்காலத்தில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஓடையைக் கடக்கிறான். மழை நாளில் ஆறு பெருகினால் பாடசாலைக்கு வர முடியாமல் அக்கரையில் நிற்கிற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அனாதைச் சிறுமி அல்தினாய்க்கு நேரும் கொடுமை கதையின் நடுவில் வருகிறது. ஆகவே தரம் 10க்குக் கீழே வேண்டாம். டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ நாவல் அல்ல, நினைவுகள்தான். ஆனாலும் ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் பாடசாலை என்று சொன்னால், ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். பாடசாலை அதிபருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

சிரிக்க ஏதாவது வேண்டும் என்றால் செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. யாழ்ப்பாணத்துப் பேச்சு நம் பிள்ளைகளுக்கு நாடகம் பார்ப்பதுபோல இருக்கும். சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

சரி, மலையக எழுத்து எப்போது? தரம் 10, 11இல். அதிலும் நாவலுக்கு முன்னால் சிறுகதை. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுப்பும் (1980), தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு பாடவேளையில் ஒரு கதை முடிந்துவிடும். அப்புறம் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். வோட்டு வாங்கி உள்ளே போனவரின் மக்களுக்கு அடுத்த ஆண்டே குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. இந்த ஒரு விஷயத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள், தலைப்பு வேறு மாதிரிக் கேட்கும். தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) இரண்டும் அதற்குப் பிறகு.

இந்த வரிசைக்கு மட்டும் நான் ஒரு வீட்டுவேலை வைப்பதுண்டு. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் உங்கள் குடும்பத்தில் யார் இந்தியா போனார்கள், யார் இருந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். கோத்தகிரியில் பெரியப்பா, கூடலூரில் அத்தை என்று வந்து சொல்வார்கள். ஒரு பெண், தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பழைய கடிதம் ஒன்றைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து போய்விட்டது, “இங்கேயும் தேயிலைதான்” என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு ‘தூரத்துப் பச்சை’யை இரண்டு தடவை எடுத்துப் போனாள்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைச் சிவப்பில் வைத்திருக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. பாலியல் சுரண்டலும் நோயும் மறைக்காமல் வரும். உயர்தர மாணவர்களுக்கு, அதுவும் கூடவே உட்கார்ந்து பேச ஒருவர் இருக்கும்போது. ஒளித்து வைக்கத் தேவையில்லை.

ஆங்கிலத் தட்டு ஒன்று இருந்தால், நிஸ்ரானா ஃபாரூக்கின் ‘த கேர்ள் ஹூ ஸ்டோல் ஆன் எலிபன்ட்’ (2020) வாங்குங்கள். எளிய ஆங்கிலம், செரண்டிப் (இலங்கையின் பழைய பெயர்) நாடு, நகை திருடும் சாயா என்ற சிறுமி, ஒரு யானை. ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’ (2005) 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. பதினான்கு வயது அம்ரித் தன்னைத்தான் புரிந்துகொள்ளும் கதை. தன் மனம் மற்றப் பையன்களின் மனம்போல இல்லையே என்று தனியாகத் தவிக்கிற ஒரு பிள்ளை எல்லாப் பாடசாலையிலும் இருக்கும். அதற்காகவே அது அலுமாரியில் இருக்கட்டும்.

வாங்குவது எங்கே? கொழும்பு செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஈழத்து நூலும் இந்திய நூலும் ஒரே இடத்தில் பார்க்கலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் விலைக் கழிவும் கிடைக்கும். பட்டியலோடு போங்கள், இல்லாவிட்டால் கலர் படம் போட்ட கலைக்களஞ்சியத்தில் காசு கரைந்துவிடும். அச்சில் இல்லாத பழைய மலையக நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தைத் தேடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறார்கள்.

இரவல் கொடுக்கும்போது மற்றவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டில் நான் ஒரு நிரல் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: எந்தப் பக்கத்தில் விட்டாய்? முடிக்காமல் திருப்பித் தரும் பிள்ளை வெட்கப்படாமல் பக்க எண்ணைச் சொல்லும். பத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாம் பக்கத்தில் விட்டிருந்தால் குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, அந்தப் புத்தகத்தை அடுத்த முறை வாங்காதீர்கள். கதையை எழுதித் தா, சுருக்கம் எழுது, படிப்பினை என்ன என்றெல்லாம் கேட்டு உயிரை வாங்க வேண்டாம். “ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருது, கதைப் புத்தகம் எதுக்கு?” என்று கேட்கும் பெற்றோரிடம் வாதாடுவதைவிட, தமிழ் மொழி வினாத்தாளில் கட்டுரைக்கு எத்தனை புள்ளி என்று காட்டிவிடுங்கள். வேலை முடிந்தது.

கடைசியாக, நம் ஊர்ச் சாபம்: ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் புத்தகத்துக்கே குளிர் பிடிக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடம் விடுங்கள். அடித்தட்டைக் காலியாக விடுங்கள். பிரவுண் பேப்பர் உறை போடாதீர்கள், பிள்ளைகள் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். தெளிவான பொலித்தீன் உறையைச் சும்மா மாட்டிவிட்டால் போதும், முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பூக்கும். ஜனவரி, பெப்ரவரி வெயிலில் புத்தகங்களை விரித்து நிமிர்த்தி, நிழலில் காற்றாட வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் தாள் முறுகிவிடும்.

நீண்ட விடுமுறைக்கு அலுமாரியைப் பூட்டி வைக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு புத்தகம், பழைய சீனிப் பையில் சுற்றி, பெயரும் தோட்ட டிவிஷனும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். பூட்டிய அலுமாரியில் கிடப்பதைவிட லயத்து அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் நன்றாகவே காயும்.