ரோலிங் கோடு: ரிமோட்டை நம்பி ரிசீவரில் கோட்டை விடாதீர்கள்

கேட் மோட்டார், ஷட்டர் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களைப் பார்க்கிறேன். ஒயரிங் சுத்தமாக இருக்கிறது, லிமிட் சுவிட்சைச் சரியாக வைக்கிறார்கள். ரிமோட் பக்கம் வந்ததும் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். பேட்டரியைத் திருப்பிப் போடுவது, ஏரியல் ஒயரை நறுக்கிவிடுவது எல்லாம் தானே சரியாகிவிடும். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

ரிமோட்டில் ரோலிங், ரிசீவரில் ஒன்றுமில்லை

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

ரோலிங் கோடு என்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறிக்கொண்டே போகும் கோடு. அந்த வகை ரிமோட்டுகளில் ரொம்ப காலமாகப் புழங்குவது மைக்ரோசிப் நிறுவனத்தின் எச்சிஎஸ் 301 சிப். பட்டனை அழுத்தினால் 66 பிட் போகும். அதில் 34 பிட் யாரும் படிக்கக்கூடியது: 28 பிட் சீரியல் எண், எந்தப் பட்டன், பேட்டரி நிலை முதலியவை. மீதி 32 பிட்தான் கீலாக் என்ற ரகசியக் குறியாக்க முறையில் பூட்டியது. அதற்குள் 16 பிட் கவுண்டர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும். எண் ஒன்றே ஒன்று நகர்ந்தாலும் பூட்டிய பகுதி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ரிசீவர் அதைப் பிரித்து, கடைசியாகப் பார்த்த எண்ணைவிட இது முன்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எண் என்றால் செல்லாது. நேற்று காற்றில் பிடித்து வைத்த சிக்னல் இன்று உதவாமல் போவது இதனால்தான்.

ஆனால் பிரிப்பதற்குக் கீ வேண்டுமே. வழக்கமாக, தயாரிப்பாளர் வைத்திருக்கும் 64 பிட் ரகசியக் கீயையும் சீரியல் எண்ணையும் கொண்டுதான் ஒவ்வொரு ரிமோட்டின் கீயும் உருவாகிறது. அந்தத் தயாரிப்பாளர் கீ இல்லாத மலிவு ரிசீவர் என்ன செய்யும்? சீரியல் எண்ணை மட்டும் படித்துவிட்டு, ‘நம்ம ஆள்தான்’ என்று கேட்டைத் திறந்துவிடும். செக்கில் கணக்கு எண்ணைப் பார்த்துவிட்டு, கையெழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கிற மாதிரி.

கோவையில் ஒரு அபார்ட்மென்டில் இடி இறங்கி ரிசீவர் போர்டு போய்விட்டது. பையன் கடையில் ‘எல்லாக் கம்பெனி ரிமோட்டும் எடுக்கும்’ என்று சொன்ன போர்டை வாங்கி மாட்டிவிட்டான். “ரோலிங் கோடுதான் சார், ரிமோட் பழசேதான்” என்றான். எல்லாக் கம்பெனியும் எடுக்கும் என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இத்தனை கம்பெனிகளின் ரகசியக் கீயும் அந்த போர்டுக்குள் எப்படி வந்திருக்கும்?

ரிமோட்டைத் தெருமுனைக்கு எடுத்துப் போய், கேட்டுக்கு எட்டாத தூரத்தில் முப்பது தடவை அழுத்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் விரலை எடுத்துவிட்டு அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்தால் ஒரே கோடுதான் திரும்பத் திரும்பப் போகும். மைக்ரோசிப் சொல்லும் முறைப்படி, 16 எண்ணுக்கு மேல் தள்ளிப்போன ரிமோட்டை ரிசீவர் முதல் அழுத்தலில் ஏற்காது. அடுத்தடுத்த இரண்டு கோடுகள் கேட்ட பிறகே திறக்கும். பையன் திரும்பி வந்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினான். கேட் திறந்தது. பாஸ் ஆகிவிட்டதாக நினைத்துச் சிரிக்கிறான்! சில கம்பெனிகள் இந்த எல்லையை அகலமாக வைப்பதுண்டு என்பதால், ஒரு அழுத்தலைப் பதிவு செய்து, கேட்டை ரிமோட்டால் சில தடவை திறந்து மூடிவிட்டு, பதிந்ததைத் திருப்பி அனுப்பிப் பார்த்தோம். அதற்கும் திறந்தது. அப்புறம் போர்டை மாற்றி, அத்தனை வீட்டு ரிமோட்டையும் மறுபடி லேர்ன் செய்து (ரிசீவரின் மெமரியில் பதிந்து), செலவு யார் தலையில் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு சண்டையும் நடந்தது.

இவி 1527-ஐ ரோலிங் என்று நினைப்பது

இவி 1527-உம் ரிமோட் சிப்தான், ஆனால் அது அனுப்புவது ஃபிக்ஸட் கோடு, எப்போதும் மாறாத ஒரே எண். பத்து லட்சம் எண் இருந்தாலும், ஒருமுறை ஒட்டுக்கேட்டால் போதும், அதையே திருப்பி அனுப்பித் திறக்கலாம்.

கவுண்டரை ரேமில் வைப்பது

ஆர்டுயினோ போர்டில் புரோகிராம் எழுதி ரிமோட்டும் ரிசீவரும் சொந்தமாகச் செய்பவர்களுக்கு இது. ரேம் என்பது கரண்ட் போனால் மறந்துவிடும் மெமரி. ரிமோட்டில் பேட்டரி மாற்றினால் கவுண்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும், ரிசீவர் மறுக்கும். உடனே ‘பூஜ்யம் வந்தால் ஏற்றுக்கொள்’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அதோடு பழைய கோடு எல்லாம் உயிர் பெற்றுவிடும். ரிசீவரிலும் இதே கதைதான்: கரண்ட் போய் வந்தால் கடைசி எண் மறந்துபோகும். கரண்ட் போனாலும் மறக்காத ஈப்ராம் மெமரியில் எழுதுங்கள். தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆர்டுயினோ போர்டுகளில் வரும் ஏடிமெகா 328 சிப்பின் ஈப்ராம் ஒரு லட்சம் தடவை எழுதினாலும் தாங்கும். நாளைக்கு 20 தடவை அழுத்தினாலும் 13 வருஷம் ஓடும்.

எல்லா ரிமோட்டுக்கும் ஒரே கீ

ஒன்று கசிந்தால் அத்தனையும் போச்சு. தயாரிப்பாளர் கீயிலிருந்து தனித்தனிக் கீ எடுக்கும் கீலாக்கிலேயே ஆபத்து தீரவில்லை. ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகக் குழு 2008-இல் ரிசீவரின் மின் நுகர்வை அளந்தே தயாரிப்பாளர் கீயை எடுத்துக் காட்டியது. அதன்பின் ரிமோட் அனுப்பும் இரண்டு கோடுகளை ஒட்டுக்கேட்டாலே நகல் தயார்.

ஒரே ரிமோட்டை இரண்டாக நகல் எடுப்பது

இரண்டுக்கும் ஒரே சீரியல், ஒரே கவுண்டர். கணவர் அழுத்த அழுத்த மனைவியின் ரிமோட் பின்தங்கும், கேட் திறக்காது. “ரிமோட் வீக் சார்” என்று போன் வரும். புது ரிமோட் வாங்கி லேர்ன் செய்யுங்கள்.

முதல் அழுத்தலுக்குத் திறக்காததைக் கண்டுகொள்ளாதது

2015-இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ரோல்ஜாம் என்ற கருவியைக் காட்டினார். அது முதல் அழுத்தலை இடைமறித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு, முதலாவதை அனுப்பிக் கதவைத் திறக்கும். கையில் செல்லுபடியாகும் கோடு ஒன்று மிஞ்சும். அடிக்கடி முதல் அழுத்தலுக்குத் திறக்காமல் போனால், கிட்டே போய் இன்னொரு தடவை அழுத்துங்கள். அந்தக் கோடு ரிசீவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பிடித்து வைத்தது செல்லாது.

தொலைந்த ரிமோட்

மெமரியை முழுக்க அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் மறுபடி லேர்ன் செய்யுங்கள்.