கழிவுநீர் ஆய்வறிக்கையை ஆர்டிஐயில் வாங்குவது எப்படி?

மணலி, எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ராத்திரி ஜன்னல் வழியாக வரும் நெடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆலையின் புகையையும் கழிவுநீரையும் சோதித்த அறிக்கைகள் அரசுக் கோப்பில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்க 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) நமக்கு வழி தந்திருக்கிறது.

முதலில் எந்த அலுவலகம் என்று பாருங்கள். ஆலை என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை அலுவலகம் கிண்டியில். குப்பைக் கிடங்குக்கு மாநகராட்சி, குழாய்த் தண்ணீருக்கு மெட்ரோ வாட்டர். தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை. பிரிவு 6(3)இன்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்து மனு. வெள்ளைத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். 'பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்' என்று தொடங்கி, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். என் முதல் மனுவில், 'இந்த ஆலை மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கோபமாகக் கேட்டிருந்தேன். 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் தர வேண்டியது கையிலிருக்கும் ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. அதனால் காகிதத்தைக் கேளுங்கள். இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

'1. மேற்படி ஆலைக்கு வழங்கி நடப்பிலுள்ள இசைவாணையின் நகல், நிபந்தனைகளுடன்.
2. 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்த ஆலையின் கழிவுநீர் மாதிரிகளைச் சோதித்த ஆய்வறிக்கைகளின் நகல்.
3. அதே காலத்தில் ஆலைக்கு அனுப்பிய நோட்டீஸ்களின் நகல்.'

இசைவாணை என்பது ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி ஆணை. ஆலையின் பெயர், இடம், காலம் மூன்றும் தெளிவாக இருந்ததால் இந்த முறை தட்டிக்கழிக்க இடமில்லை. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 14 பக்கத்துக்கு 28 ரூபாய் கட்டினேன், நகல்கள் வந்தன.

மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் ஒரு நகலையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். 'வணிக ரகசியம்' என்று மறுத்தால் விட்டுவிடாதீர்கள். பொதுநலன் பெரிது என்றால் தந்தே ஆக வேண்டும் என்று பிரிவு 8(1)(டி) சொல்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

சரி, நகல் கைக்கு வந்துவிட்டது. எப்படிப் படிப்பது? இசைவாணையையும் ஆய்வறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறிக்கையில் பிஓடி, சிஓடி என்று வரிசைகள் இருக்கும். தண்ணீரில் உள்ள அழுக்கு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்பதன் அளவு அது. ஆறு, ஏரியில் விடும் கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி 250. சில தொழில்களுக்குத் தனி வரம்பு உண்டு. அது இசைவாணையிலேயே இருக்கும். வரம்பைத் தாண்டிய எண்களைப் பேனாவால் வட்டமிட்டு, அந்தத் தேதிகளில் நோட்டீஸ் போயிருக்கிறதா என்று மூன்றாவதாகக் கேட்டு வாங்கிய நோட்டீஸ் நகல்களில் தேடுங்கள். போகவில்லை என்றால், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் புகாரில் இசைவாணை, ஆய்வறிக்கை இரண்டின் நகலையும் இணைத்துவிடுங்கள்.