நாய்க்கு வயதாகிவிட்டதா? நன்றாக இருக்கும்போதே பேசி முடிவெடுத்துவிடுங்கள்

நாய் வளர்க்கும் வீடுகளில் குட்டி வரும் சமயத்தில் இருக்கும் தயாரிப்பு, அதற்கு வயதாகும்போது இருப்பதில்லை. எந்தத் தடுப்பூசி, எந்த உணவு, எந்த பெல்ட் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்திருப்பார்கள். அதே நாய் வாசலுக்கு ஓடி வருவதை விட்டுவிட்டு, படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டும் வயதுக்கு வந்ததும் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, கேட்டால் நடந்துவிடுமோ என்ற பயம்தான். விளைவு என்னவென்றால், பெரிய முடிவுகள் எல்லாம் ராத்திரி நேரத்தில், கிளினிக் வாசலில், அழுதுகொண்டே எடுக்கப்படுகின்றன. பிறகு மாதக்கணக்கில் மனதை அரிப்பது பெரும்பாலும் அந்த ராத்திரிதான். அதனால் நாய் தட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் காலத்திலேயே கடைசிக் காலத்தைப் பற்றி வீட்டில் பேசி முடித்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. பூனை வளர்ப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

எத்தனை வயதில் ஆரம்பிப்பது? உடம்பு பெரிதாக இருந்தால் ஆயுள் குறைவு. கிரேட் டேன் 7, 8 வயதிலேயே கிழம். லேப்ரடார் 10 முதல் 12 வரை. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிற சின்ன வெள்ளை நாயும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயும் 14, 15 வரை இருப்பது சாதாரணம். பெரிய நாய்க்கு 7 வயதிலிருந்து, சின்னதற்கு 10 வயதிலிருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகம் கெட்டுப்போனது வெளியே தெரியும் நேரத்தில் அதன் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும், ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்துவந்தால் கொஞ்சம் முன்னாலேயே பிடிபட வாய்ப்பு உண்டு.

வீட்டில் ஒரு பழைய டைரி போதும். நாய் ஆரோக்கியமாக இருக்கும்போது அதன் கணக்கு என்ன என்று எழுதி வையுங்கள்: எடை, ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர், ஈறின் நிறம், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. தூக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும், நாள் தவறாமல் அதைத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கச் சொல்ல வேண்டும். ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கும், விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடியில் நிறம் திரும்ப வேண்டும். உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, ஆகவே தொட்டுப் பார்த்துவிட்டு காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்"

நாய் வளர்ப்பில் இதைவிட மோசமான வாக்கியம் இல்லை. வயது என்று தள்ளிவிடுகிற பல விஷயங்கள் மருந்தில் சரியாகக்கூடியவை. நம் வெயிலுக்கு உண்ணி வருடம் முழுக்க உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுத்துப்போகும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். பார்க்கிறவர்களுக்குக் கடைசி நாள் மாதிரியே இருக்கும், ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் கிழ நாய்கூட எழுந்துவிடும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், கடைசியாக ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போன சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, வயிறு உப்பி இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்து வையுங்கள். வயதான நாய் திடீரென்று ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, வட்டமடித்து விழும், கண்மணி இங்கும் அங்கும் ஆடும், நிற்கவே முடியாது. வீட்டில் எல்லாரும் ஸ்ட்ரோக் என்று பதறி, கருணைக்கொலை ஊசி போட்டுவிடலாமா என்ற பேச்சு வரை போய்விடுவார்கள். பல சமயம் அது உள்காதின் சமநிலைக் கோளாறு. காரணமே தெரியாமல் வரும், இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நாய் பழையபடி நடக்கும், தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தே நின்றுவிடலாம். முதல் நாளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், டாக்டரிடம் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

சரி, உண்மையாகவே மூட்டு தேய்ந்து, கண் மங்கி, காது கேட்காமல் போன நாய்க்கு என்ன செய்வது? முதலில் தரையைப் பாருங்கள். டைல்ஸும் கிரானைட்டும் கிழ நாய்க்கு எதிரி, பின்னங்கால் வழுக்கி ஒரு தடவை விழுந்தால் அடுத்து எழுந்திருக்கவே யோசிக்கும். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, கிண்ணத்திலிருந்து வாசல் வரை ரப்பர் மேட்டோ கோணிச் சாக்கோ விரித்து ஒரு பாதை போடுங்கள். கண் தெரியாத நாய் வீட்டை மனப்பாடமாக வைத்திருக்கும், சோபாவை இடம் மாற்றாதீர்கள். ராத்திரி எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது, காரணமில்லாமல் குரைப்பது எல்லாம் மூளை தளர்வதன் அறிகுறி, அதட்டிப் பயனில்லை, ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள்.

எழுந்திருக்க முடியாத நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கனமான மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பிலும் முழங்கையிலும் புண் வரும். நம் ஊரில் புண்ணைவிடப் பெரிய தொல்லை ஈ. ஈ மொய்த்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். சிறுநீரில் நனைந்த ரோமத்தில்கூட வைக்கும். ஆகவே பின்பக்க ரோமத்தை ஒட்ட வெட்டி, துடைத்து, உலர வைத்து, பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவிடுங்கள். புழு வந்துவிட்டால் பாச்சை உருண்டையைப் பொடி செய்து புண்ணுக்குள் அடைக்கும் வைத்தியத்தைச் செய்யாதீர்கள், அது விஷம். மனிதர்களின் வலி மாத்திரையும் அப்படித்தான். ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் கடித்த இடத்தை சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் பேச வேண்டியது

யார் முடிவெடுப்பது என்பது முதல் கேள்வி. ஒப்புதல் படிவத்தில் ஒருவர்தான் கையெழுத்துப் போடப் போகிறார், அது யார் என்று முன்பே தெரிந்தால் கடைசி நேரத்தில் அண்ணன் தம்பி சண்டை இருக்காது. அடுத்தது பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. டிரிப்ஸ், ஸ்கேன், தினமும் கிளினிக் என்று ஆரம்பித்தால் தொகை ஏறிக்கொண்டே போகும், எது வரை முடியும் என்று மாதச் சம்பளத்தை வைத்து ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது, 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. கூட்டம் அதிகம், காலையிலேயே போக வேண்டும், ஆனால் தனியார் கிளினிக்கில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் குறைவு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் பார்க்கிறார்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமானது: எப்போது போதும் என்பது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 70. 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வலி என்பதில் மூச்சுத் திணறலும் அடக்கம், அதற்குத்தான் முதலிடம். தினமும் பார்க்கிற நமக்கு மெதுவாக இறங்குவது கண்ணில் படாது, வாரம் ஒருமுறை மார்க் போட்டால் தெரியும். இதைவிட எளிய வழியும் உண்டு. உங்கள் நாய்க்குப் பிடித்த மூன்று விஷயங்களை இப்போதே எழுதுங்கள். சாயங்கால நடை, முறுக்குச் சத்தம் கேட்டதும் சமையலறைக்கு வருவது, பால்காரரைப் பார்த்துக் குரைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்றும் போய்விட்டால் டாக்டரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது.

கருணைக்கொலை வேண்டாம், இயற்கையாகப் போகட்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. அது தவறில்லை, ஆனால் இயற்கையாகப் போவதென்றால் தூக்கத்தில் அமைதியாகப் போவது என்று கற்பனை செய்யாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்த நாய் வாயில் புண்ணோடு, வாந்தியோடு நாள் கணக்கில் கிடக்கும். ஊசி வேண்டாம் என்றால் வலிக்கு மருந்து, வாந்திக்கு மருந்து, கூடவே இருக்க ஆள், இவை மூன்றும் வேண்டும். எதுவும் கொடுக்காமல் மூலையில் போட்டு வைப்பதற்கு இயற்கை என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊசி என்று முடிவானால் என்ன நடக்கும் என்று தெரிந்து போங்கள். முதலில் மயக்க மருந்து கொடுப்பார்கள், சில நிமிடத்தில் நாய் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்தையே அளவுக்கு அதிகமாக ஏற்றுவார்கள், சிறிது நேரத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம், தசை துடிக்கலாம். இதெல்லாம் உயிர் போன பிறகும் நடப்பவை, வலியால் அல்ல. இது தெரியாமல் பார்த்தவர்கள் கஷ்டப்பட்டுத்தான் போச்சு என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சில டாக்டர்கள் கொள்கையாகவே இதைச் செய்ய மாட்டார்கள், சிலர் வீட்டுக்கே வருவார்கள், இரண்டையும் முன்பே கேட்டு வையுங்கள். பணத்தை முதலிலேயே கட்டிவிடுங்கள், முடிந்த பிறகு கவுண்டரில் பில்லுக்கு நிற்பது கொடுமை. கூட இருக்க முடிந்தால் இருங்கள், முடியாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது.

உடலை என்ன செய்வது

சில மணி நேரத்தில் உடல் விறைக்கும், அதற்குள் கால்களை மடக்கி, தூங்கும் நிலையில் வைத்து, கீழே பழைய துணியோ பேப்பரோ தடிமனாக விரியுங்கள், நீர் கசியும். வெளியூரிலிருந்து யாராவது வர வேண்டுமென்றால் ஏசி அறையில், வயிற்றுப் பக்கம் ஐஸ் பாக்கெட் வைத்து, அதுவும் கோடையில் அரை நாளுக்கு மேல் வேண்டாம். சொந்த இடம் இருந்தால் நான்கடி ஆழமாவது தோண்டி, கிணறு, போர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும். பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் வேண்டாம். ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும், மேலாகப் புதைத்தால் தோண்டித் தின்கிற தெருநாயும் காக்கையும் சாகும், ஆழம் முக்கியம் என்பது அதற்காகவும்தான். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் மாநகராட்சியிலும் டாக்டரிடமும் செல்லப்பிராணிகளுக்கான மயானம் எங்கே என்று கேட்டு, அந்த நம்பரை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

அப்புறம் வரும் நாட்கள்

"ஒரு நாய்க்குப் போய் இப்படியா" என்று கேட்பார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஒரு வீரனுக்கு எடுத்த கல், பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய் என்ற செய்தியோடு கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கேட்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது பேச்சை மாற்றிவிட்டு எழுந்து போங்கள். ஆபீசில் காரணம் சொல்லத் தயக்கமாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவு போடுவதில் தப்பில்லை.

முன்பே தெரிந்திருந்தால், இன்னொரு டாக்டரிடம் போயிருந்தால் என்ற நினைப்பு எல்லாருக்கும் வரும். டைரி எழுதி வைத்ததன் பயன் இங்கேதான். மார்க் எப்படி இறங்கியது, எந்தத் தேதியில் என்ன மருந்து கொடுத்தோம் என்று கையெழுத்தில் இருக்கும்போது, மனம் கட்டும் கதைக்குப் பதில் சொல்ல ஏதோ ஒன்று கையில் இருக்கும். வாரங்கள் கடந்தும் சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை என்றால் மருத்துவ உதவி கேளுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

குழந்தைகளிடம் தூங்குகிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும், அல்லது தினமும் வாசலில் போய் நிற்கும். செத்துப்போய்விட்டது, இனி வராது, வலியும் இருக்காது என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்ளும். கவனிக்கப்படாமல் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நாயோடு பேசியே பொழுதைக் கழித்த அப்பாவுக்குச் சாயங்கால நடையும் சேர்ந்து நின்றுபோகும், தெருமுனையில் பார்க்கிற நாலு பேரும் இல்லாமல் போவார்கள். ஒரு மாதத்துக்காவது அந்த நேரத்தில் யாராவது அவரோடு நடங்கள், முடியாவிட்டால் போன் போடுங்கள். இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் உடலை மோந்து பார்க்க விடுங்கள். அது சில நாள் தேடும், சாப்பாடு குறையும். இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

புது நாய் எப்போது வாங்கலாம் என்பதற்கு விதியெல்லாம் கிடையாது. ஆறுதல் சொல்கிறேன் என்று யாரும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குட்டியைக் கொண்டுவந்து இறக்காமல் இருந்தால் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: இறந்த நாய்க்கு பார்வோ என்ற வைரஸ் தொற்று இருந்தது என்றால் அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். டெட்டால் போதாது, தரையை பிளீச்சால் கழுவ வேண்டும், மண் தரையை அப்படியும் நம்ப முடியாது. ஆகவே தடுப்பூசி முழுதாக முடியாத குட்டி அந்த வீட்டுக்கு வரக் கூடாது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு என்றால் குட்டியே வேண்டாம் என்பேன். அவர்களுக்கு நாலைந்து வயதான, கருத்தடை செய்த, தடுப்பூசி போட்ட நாட்டு நாயைத் தத்தெடுத்துக் கொடுங்கள், அதுவும் அவர்களைக் கேட்டுவிட்டு, அவர்களால் முடியாத நாளில் அந்த நாயை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் பேசிவிட்டு.