உரிமம் பெற்ற ட்ரோன் விமானி பொழுதுபோக்காகப் பறக்கவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சிறிய ட்ரோன்களுக்கான பொது விதித்தொகுப்பான பார்ட் 107-இன் கீழ் சான்றிதழ் பெற்ற ஒருவர் வார இறுதியில் தன் சொந்த மகிழ்ச்சிக்காக ட்ரோனைப் பறக்கவிட நினைத்தால், அவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. தொழிலுக்காகப் பறக்கவிடுவதைப் போலவே பார்ட் 107 விதிகளின் கீழ் பறக்கவிடலாம். அல்லது, எஃப்ஏஏ என்னும் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் தொடர்பான 2018-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய, 44809 என்ற பிரிவு எண்ணால் அறியப்படும் பொழுதுபோக்கு விலக்கின் கீழ் பறக்கவிடலாம். இரண்டுமே சட்டப்படி சரியானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனைகள் இருப்பதால், இதில் பாதியும் அதில் பாதியுமாக எடுத்துக்கொண்டு பறப்பதற்கு இடமில்லை.

கூரை ஆய்வு, வீட்டு விற்பனைக்கான படங்கள், கட்டுமான அளவைப் பணி என்று இத்தொழிலுக்குள் வரும் நம்மவர்களின் எண்ணிக்கை பெருகிவருகிறது. புதிதாகச் சான்றிதழ் பெறுபவர்களுடன் களத்தில் நிற்கும்போதெல்லாம், தொடக்க ஆண்டுகளில் நாங்கள் தடுமாறிய அதே இடங்களில் அவர்களும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பேட்டரியைச் சரிபார்க்காமல் கிளம்புவது, கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை; தேர்வில் தேறிய எவருக்கும் அவை தெரிந்தவையே. தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

டிரஸ்ட் தேர்வு தமக்கில்லை என்று எண்ணுவது

பொழுதுபோக்காகப் பறக்கவிடும் அனைவரும் டிரஸ்ட் என்னும் பாதுகாப்புத் தேர்வை முடித்து, அதற்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இது 2021 ஜூன் மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. கட்டணமில்லாமல் இணையத்தில் எழுதலாம். தவறான விடையைத் திருத்திக்கொண்டு முன்னேற வழி இருப்பதால் தோல்வி என்பதும் கிடையாது. "நான் அதைவிடக் கடினமான 60 வினாத் தேர்வை எழுதி வென்றவன், எனக்கு எதற்கு இது?" என்று புதியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் 44809 பிரிவு பார்ட் 107 சான்றிதழை டிரஸ்டுக்கு மாற்றாக ஏற்கவில்லை. பொழுதுபோக்கு விலக்கின் கீழ் பறக்க விரும்பினால் டிரஸ்ட் வேண்டும். அது வேண்டாமென்றால் பார்ட் 107-இன் கீழ் பறக்கவிடலாம். தேர்வை நடத்தும் நிறுவனங்கள் உங்கள் சான்றைச் சேமித்து வைப்பதில்லை என்பதால், முடித்தவுடன் அதைத் தரவிறக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்துவிட்டால் மறுபடியும் எழுத வேண்டியதுதான்.

"பணம் வாங்கவில்லை, ஆகவே பொழுதுபோக்கு" என்று முடிவு செய்வது

இந்த ஒரு தவறைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடு பிறருக்கு உதவப்போகிறவர்கள், அந்த நல்ல மனமே அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

44809 பிரிவின் முதல் நிபந்தனை, பறத்தல் முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு நோக்கத்துக்காக மட்டுமே இருக்க வேண்டும் என்பதாகும். அந்த நிபந்தனையில் பணம் என்ற பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கூரையில் ஓடு பெயர்ந்திருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்வது பொழுதுபோக்கன்று. உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து ஆட்டத்தை அப்பள்ளியின் இணையதளத்துக்காகப் படம் எடுத்துக் கொடுப்பதும், தொண்டு நிறுவனத்துக்காகக் கடற்கரையை அளந்து கொடுப்பதும் பொழுதுபோக்கல்ல என்பதை எஃப்ஏஏ தன் விளக்கங்களிலேயே எடுத்துக்காட்டுகளாகச் சொல்லியிருக்கிறது. இந்தப் பட்டியலை நம் சூழலுக்குக் கொண்டுவந்து பார்த்தால், தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவைச் சங்கத்தின் யூடியூப் பக்கத்துக்காக மேலிருந்து படம் பிடிப்பதும், தமிழ்ப் பள்ளி விளையாட்டு நாளுக்குக் காணொளி எடுத்துக் கொடுப்பதும் இதே வகையில்தான் சேரும். ஒரு காசு கைமாறாவிட்டாலும் அவை பார்ட் 107-இன் கீழ் நடக்க வேண்டிய பறத்தல்களே.

எனக்கு நெருக்கமான நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இதன் விலை புரியும். அவர் முறையாகச் சான்றிதழ் பெற்றவர். கூரை ஆய்வில் நல்ல பெயர் எடுத்தவர். ஒரு கோடைக்கால ஒன்றுகூடலில் சங்கத்துக்காரர்கள், "அண்ணா, மேலேயிருந்து ஒரு ரவுண்டு எடுத்துக் குடுங்க, ஸ்பான்சர்களுக்கு நன்றி சொல்ற வீடியோல போட்டுக்கிறோம்" என்று கேட்டார்கள். அவரும் பணம் வாங்காத வேலைதானே என்று, தொழிலுக்குப் பயன்படுத்தும் பெரிய ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு, 249 கிராம் எடையுள்ள டிஜேஐ மினியைக் கொண்டுவந்தார். பூங்கா சிறு விமான நிலையத்தை ஒட்டிய கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளிக்குள் இருந்ததால், செயலியைத் திறந்து, சில நொடிகளில் அனுமதி தரும் லான்ஸ் அமைப்பின் வழியே பொழுதுபோக்குப் பிரிவில் அனுமதியும் வாங்கினார். பொறுப்பில்லாதவர் என்று எவரும் அவரைச் சொல்ல முடியாது.

அருகில் வசிக்கும் ஒருவர் புகார் செய்ய, காவலர் வந்தார். நண்பர் நம்பிக்கையோடு தன் பார்ட் 107 அட்டையை நீட்டினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பார்ட் 107-இன் கீழான பறத்தல் என்றால், 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த மினி பதிவு செய்யப்படவில்லை. பதிவு கட்டாயமாகும் ட்ரோனுக்கு, தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் தெரிவிக்கும் ரிமோட் ஐடி ஒலிபரப்பும் கட்டாயம், அதுவும் இல்லை. லான்ஸ் அனுமதி பொழுதுபோக்குப் பிரிவில் வாங்கப்பட்டதால் இந்தப் பறத்தலுக்கு அது செல்லாது. இவற்றுக்கு மேல், ட்ரோன் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களின் தலைக்கு நேர்மேலே போய்வந்திருந்தது. நோக்கம் ஒன்றைத் தவறாகக் கணித்ததால், ஒரே பறத்தலில் நான்கு விதிகள் மீறப்பட்டிருந்தன.

பிறகு எஃப்ஏஏவிடமிருந்து கடிதம் வந்தது. விசாரணை அறிவுரையோடும் மறுபயிற்சியோடும் முடிந்தது; அபராதம் விதிக்கப்படவில்லை. ஒரு மீறலுக்கு 75,000 டாலர் வரை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கும்போது அதை நற்பேறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் அவர் கையெழுத்திடவிருந்த பெரிய ஆய்வு ஒப்பந்தத்தின் படிவத்தில், நிலுவையில் விசாரணை ஏதேனும் உண்டா என்ற கேள்வி இருந்தது. அவர் உண்மையை எழுதினார். ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. யாருக்காகப் படம் எடுத்தாரோ அந்தக் காணொளியையும் யாரும் வெளியிடவில்லை.

இதில் என்னை உறுத்துவது, அதே பறத்தலைச் சரியாகச் செய்வதற்கான எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது என்பதே. ட்ரோனை 5 டாலர் கட்டிப் பார்ட் 107-இல் பதிந்திருந்தால் 3 ஆண்டுகளுக்குப் போதுமானது. அதே செயலியில் பார்ட் 107 என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்திருந்தால் லான்ஸ் அனுமதி அதே வேகத்தில் கிடைத்திருக்கும். மக்கள் கூட்டத்தின் மேலே போகாமல் ஓரத்திலிருந்து சாய்வாகப் படம் எடுத்திருந்தால் காட்சியும் அழகாகவே அமைந்திருக்கும். சான்றிதழ் இல்லாதவருக்கு இந்த வழி கிடையாது; சான்றிதழ் உள்ளவரோ கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததைப் போல, தனக்குத் தேவையில்லாத விலக்கைத் தேடிப் போகிறார்.

கூட்டத்தின் மேலே பறப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 250 கிராமுக்குக் குறைந்தால் மக்கள் மேலே பறக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். பார்ட் 107-இல் மனிதர்களின் மேலே பறப்பதற்கான முதல் வகைக்கு, எடையோடு கூடவே, தோலைக் கிழிக்கக்கூடிய சுழலும் பாகங்கள் வெளியே தெரியக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. மினியின் இறக்கைகள் திறந்தே இருக்கின்றன. அதற்கென்று விற்கப்படும் காப்பு வளையங்களை மாட்டிச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எண் 250-ஐத் தாண்டிவிடும், அத்துடன் முதல் வகைத் தகுதியும் போய்விடும். அந்த வரம்பு புறப்படும்போது ட்ரோனோடு சேர்ந்திருக்கும் அனைத்துக்கும் பொருந்துவதால், கூடுதல் திறன் கொண்ட பேட்டரியைப் போட்டாலும் இதே கதைதான்.

நோக்கம் என்பது பறக்கும் நேரத்தில் இருக்கும் நோக்கம். சும்மா மகிழ்ச்சிக்காக எடுத்த சூரிய உதயப் படத்தைப் பின்னாளில் எவரோ விரும்பிக் கேட்டால், அந்தப் பழைய பறத்தல் வணிகமாக மாறிவிடுவதில்லை. ஆயினும் விளம்பர வருமானம் வரும் யூடியூப் பக்கம் நடத்துபவர், ஒவ்வொரு பறத்தலையும் பொழுதுபோக்கு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்; கேட்பவர்களும் ஏற்கப்போவதில்லை. ஐயம் வந்தால் பார்ட் 107 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ட்ரோன்களுக்கு அதுவே பொது விதி, பொழுதுபோக்கு என்பது அதிலிருந்து தரப்பட்ட விலக்கு மட்டுமே.

பதிவுகளைக் கலப்பது

பொழுதுபோக்குப் பதிவில் ஒரே எண் உங்களிடமுள்ள எல்லா ட்ரோன்களுக்கும் பொருந்தும். பார்ட் 107-இல் ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி எண். பார்ட் 107-இல் பதிந்ததைப் பொழுதுபோக்குக்கும் பறக்கவிடலாம். பொழுதுபோக்காகப் பதிந்ததைப் பார்ட் 107 பறத்தலுக்குப் பயன்படுத்த முடியாது. எனவே எல்லாவற்றையும் பார்ட் 107-இலேயே பதிந்துவிடுவது எளிது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அப்படிப் பதிந்த சிறிய ட்ரோனுக்கு ரிமோட் ஐடி பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

கோபுரச் சலுகையை விடுமுறைக்கும் எடுத்துச் செல்வது

பார்ட் 107-இல் தரையிலிருந்து 400 அடி என்ற வரம்புக்கு ஒரு தளர்வு உண்டு. ஒரு கட்டமைப்பைச் சுற்றி 400 அடி ஆரத்துக்குள் இருந்தால், அதன் உச்சிக்கு மேலே 400 அடி வரை போகலாம். கைபேசிக் கோபுரங்களை ஆய்வு செய்பவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம்; 300 அடிக் கோபுரம் என்றால் 700 அடி வரை போவது அவர்களுக்குக் கைவந்த கலை. கட்டுப்பாடற்ற வான்வெளியில் பொழுதுபோக்காகப் பறப்பவருக்கு 44809 தருவது தரையிலிருந்து 400 அடி மட்டுமே; பக்கத்தில் எத்தனை உயரமான கோபுரம் நின்றாலும் அந்த வரம்பு மாறாது. தொழிலில் கை பழகியவர்கள் விடுமுறை நாளில் கலங்கரை விளக்கத்தைப் படம் எடுக்கும்போது இதைத் தன்னையறியாமலே மீறுகிறார்கள்.

லான்ஸிலும் இதுபோன்ற வேறுபாடு இருக்கிறது. அதன் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும், அங்கே உடனடி அனுமதி கிடைக்கும் உச்ச உயரம் குறிக்கப்பட்டிருக்கும். அதைவிடக் கூடுதலாக வேண்டுமானால், பார்ட் 107 விமானி 90 நாட்கள் வரை முன்னதாகவே தனி விண்ணப்பம் அனுப்பலாம். பொழுதுபோக்குப் பிரிவில் அந்த வசதி இல்லை; கட்டத்தில் 0 என்றிருந்தால் அங்கே பறக்க முடியாது.

பறந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றுவது

எந்த விதியின் கீழ் பறக்கிறோம் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள்.

தேசியப் பூங்காக்கள்

எந்தச் சான்றிதழ் இருந்தாலும் தடை தடையே. 2014-ஆம் ஆண்டிலிருந்து அங்கே ட்ரோனை ஏற்றவோ இறக்கவோ முடியாது.

காலாவதியான பயிற்சியோடு "நான் உரிமம் பெற்றவன்" என்பது

சான்றிதழ் அட்டையில் முடிவுத் தேதி இல்லாததால் இது எளிதில் மறந்துபோகிறது. 24 மாதங்களுக்குள் மறுபயிற்சியை முடிக்காதவர் பார்ட் 107-இன் கீழ் பறக்கவிட முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டணமில்லாத இணையப் பாடமாகிவிட்ட பிறகும் அதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கிறேன். அந்த இடைவெளியில் அவர்களுக்கு மிஞ்சுவது பொழுதுபோக்கு விலக்கு மட்டுமே. அதற்கு டிரஸ்ட் வேண்டும், நோக்கமும் தூய பொழுதுபோக்காக இருக்க வேண்டும், மாதிரி விமான ஆர்வலர்களின் சங்கமான ஏஎம்ஏ போன்று எஃப்ஏஏ அங்கீகரித்த சமூக அமைப்பு ஒன்றின் பாதுகாப்பு வழிகாட்டுதல்களையும் பின்பற்ற வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேள்விப்பட்டிராத உரிமதாரர்கள் ஏராளம். எந்த அமைப்பின் வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறீர்கள் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் கையில் ரிமோட்டைக் கொடுப்பது

இங்கே பார்ட் 107 பெற்றோருக்குச் சாதகமானது. சான்றிதழ் பெற்றவர் பக்கத்திலேயே நின்று நேரடியாக மேற்பார்வை செய்து, எந்த நொடியிலும் கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், தேர்வு எழுதாத பிள்ளையும் ரிமோட்டைப் பிடிக்கலாம். பறத்தலுக்கான முழுப் பொறுப்பும் பெற்றோருடையது. அதே பறத்தலைப் பொழுதுபோக்கு என்று அறிவித்துவிட்டால், ரிமோட்டைப் பிடிக்கும் பிள்ளையே டிரஸ்ட் தேர்வை முடித்திருக்க வேண்டும். பிறந்தநாள் பரிசாக ட்ரோன் வாங்கிக் கொடுத்து, அன்று மாலையே மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், ட்ரோனைப் பார்ட் 107-இல் பதிந்து, அதில் ரிமோட் ஐடி இயங்குவதையும் உறுதிசெய்துகொண்டு, முதல் சில பறத்தல்களைத் தம் சான்றிதழின் கீழேயே நடத்துவது நல்லது. பிள்ளை பழகிய பிறகு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டிரஸ்ட் தேர்வை எழுதலாம். அரை மணி நேரம்கூட ஆகாது.