சாரம் மறைக்கும் வயிறு: ஈரல் கொழுப்பை முன்கூட்டியே பிடிப்பது எப்படி?

நோய் நொடி என்று படுக்காதவர், பார்வைக்கும் மெல்லியவர். இப்படியானவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும் என்று வீட்டில் யாரும் நினைப்பதில்லை. அது நோகாது. வேறெதற்கோ ஸ்கான் எடுக்கும்போதுதான் அநேகமாகத் தெரியவரும்.

முதலில் தையல்காரரின் அளவு நாடா ஒன்றை எடுங்கள். களிசான் அளவு 32 என்பதை நம்பவேண்டாம், பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். சாரமோ எந்த வயிற்றுக்கும் இடங்கொடுக்கும். மேற்சட்டையைக் கழற்றி நேராக நின்று, கடைசி விலாவின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, முதுகுப்பக்கம் சரியாமல் பிடித்து, மூச்சை வெளியே விட்டபின் வாசியுங்கள். வயிற்றை எக்கினால் கணக்குப் பிழைக்கும். தெற்காசிய ஆண்களுக்கு எல்லை 90 சென்ரிமீற்றர். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர் தராசில் தப்புவார், நாடாவில் தப்பமாட்டார். உடற்திணிவுச் சுட்டியிலும் (கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) எங்களுக்குக் கவனம் 25 இல் அல்ல, 23 இலேயே தொடங்கவேண்டும்.

நாடா 90 காட்டாவிட்டாலும் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்குச் சலரோகம் இருந்தால், இரத்த அழுத்தம் 130/85 ஐத் தொட்டிருந்தால், பலத்த குறட்டை இருந்தால் இரத்தம் சோதிப்பது நல்லது.

வன்னியில் உழவு இயந்திரமும் வெட்டு மெசினும் வந்தபின் காலபோக நெற்செய்கையில் உடம்பு செய்யும் வேலை குறைந்துவிட்டது. சோற்றுக் கோப்பை குறையவில்லை, தேத்தண்ணிச் சீனியும் குறையவில்லை. விளிம்புமட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், குவித்து அள்ளினால் ஏறத்தாழ இரட்டிப்பு. குவித்த இரண்டு கரண்டி போட்டு நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 70, 80 கிராம் வந்துவிடும். சீனியில் பாதி புருக்டோஸ் என்னும் பழச்சீனி. அதைப் பெரும்பாலும் ஈரலே கையாள்கிறது, மிஞ்சியதைக் கொழுப்பாக்குகிறது.

“பியர்தானே” என்பதும் சரியல்ல. 8 வீத மதுசாரமுள்ள 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் சுத்த மதுசாரம் 40 கிராம். ஆண்களில் வாரத்துக்கு 210 கிராமைத் தாண்டினால் ஈரல் கொழுப்பில் குடிப்பழக்கத்துக்கும் பங்கிருப்பதாக மருத்துவர் எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைவு பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, இரத்தக் கொழுப்பு வகைகள், ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி., குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஆகியவற்றைச் சோதியுங்கள். டெங்குக் காய்ச்சல் ஈரல் நொதிகளை ஏற்றிவிடும், ஆகவே சுகமாகிச் சில வாரங்கள் விட்டுப் போங்கள். டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் சீனி 100, ட்ரைகிளிசரைட் என்னும் இரத்தக் கொழுப்பு 150 ஐ எட்டினால் கவனம். எஸ்.ஜி.பி.ரி. சரியாக இருப்பதால் மட்டும் ஈரல் சுத்தம் என்றாகாது. கொஞ்சமாகப் படிந்த கொழுப்பை ஸ்கானும் தவறவிடும்.

கொழுப்பு உறுதியானால் ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. அதை மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.ரி. யால் பெருக்குங்கள். அதை, சிறுதட்டு எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.ரி. யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். வயது 48, எஸ்.ஜி.ஓ.ரி. 40, எஸ்.ஜி.பி.ரி. 49, சிறுதட்டு 240 என்றால் 1920 ஐ 1680 ஆல் வகுக்க 1.14 வரும். 35 முதல் 65 வயதுவரை 1.3 க்குக் கீழே இருந்தால் தழும்பு அபாயம் குறைவு. மேலே போனால் கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மருத்துவரிடம் தாளைக் காட்டுங்கள்.

80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும், வீக்கமும் தழும்பும் தணிய 6 முதல் 8 கிலோ வேண்டும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கப் போகாதீர்கள், ஈரலுக்கு அது பாரம். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.