பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கிலிருந்து நம் கோப்புகளை மீட்பது எப்படி?

கணினி ஆன் ஆகவில்லை என்றதும், உள்ளே இருந்த போட்டோ எல்லாம் போயிற்று என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது பவர் சப்ளையோ மதர்போர்டோதான். ஹார்ட் டிஸ்க் தனிப் பொருள். அதைக் கழற்றி நல்ல கணினி ஒன்றில் இணைத்தால், கோப்புகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

ஒன்பது ஆண்டுகள் சும்மா கிடந்த அப்பாவின் கணினியிலிருந்து நான் இப்படித்தான் கோப்புகளை எடுத்தேன். கழற்றியது பத்து நிமிடம். காப்பி எடுத்தது ஒரு மாலைப்பொழுது. இதற்கு முன் கணினியைத் திறந்தே பார்க்காதவர்களும் செய்யலாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் மனத்தில் வையுங்கள்: பழைய டிஸ்கிலிருந்து எடுக்கத்தான் வேண்டும், அதில் எதையும் எழுதக் கூடாது. விண்டோஸ் இடையிடையே 'ஃபார்மட் செய்யவா?', 'இனிஷியலைஸ் செய்யவா?', 'ஸ்கேன் செய்து சரி செய்யவா?' என்று கேட்கும். மூன்றுக்கும் கேன்சல்தான் பதில்.

படி 1: கழற்றுவது

கணினி இன்னும் ஆன் ஆகிறது, டிஸ்கிலிருந்து வினோதச் சத்தம் ஏதும் இல்லை என்றால் கழற்றவே வேண்டாம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, நேராகப் படி 4-க்குப் போய்விடுங்கள்.

ஆன் ஆகாவிட்டால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும் எடுங்கள். பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டிருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் போக, கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள்.

டெஸ்க்டாப்பில் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், உலோகக் கூண்டில் செவ்வகப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு இரண்டு கேபிள்கள்: ஒன்று டேட்டாவுக்கு, இன்னொன்று மின்சாரத்துக்கு. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து மெல்ல அசைத்து எடுங்கள். அப்புறம் கூண்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும். டிஸ்கின் சொந்த மூடியில் உள்ள திருகுகளை மட்டும் தொடாதீர்கள். உள்ளே தகட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தூசித் துகள் ஒன்றின் அகலம்கூட இருக்காது. திறந்தால் திறந்ததுதான்.

படி 2: என்ன வகை என்று பார்த்து, அதற்கேற்ற அடாப்டர் வாங்குவது

கழற்றிய டிஸ்கை யூஎஸ்பி வழியாக நல்ல கணினியில் இணைக்கும் கருவிதான் அடாப்டர். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டிஸ்கின் பின்பக்கம் பாருங்கள். இரண்டு வரிசையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ வகை. டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் அகலமான பட்டை கேபிள் அதில் செருகியிருந்திருக்கும். ஊசிகள் இல்லாமல், 'ட' எழுத்தைப் போல ஓரம் மடிந்த இரண்டு மெல்லிய நாக்குகள் இருந்தால் அது சாட்டா. 2003 வாக்கில் சாட்டா சந்தைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐடிஇ மறைந்துபோனது.

அடுத்து அளவு. டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குலம், லேப்டாப் டிஸ்க் 2.5 அங்குலம். சின்னதற்கு 5 வோல்ட் போதும், யூஎஸ்பி கேபிளே அதைக் கொடுத்துவிடும். பெரியதற்கு 12 வோல்ட்டும் தேவை. ஆகவே சுவரில் செருகும் தனி மின் அடாப்டரோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் சின்ன டிஸ்குக்கான கேபிளை வாங்கிவந்து, அப்பாவின் டிஸ்க் சுற்றவே இல்லை, செத்துவிட்டது என்று இரண்டு நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். சரியான அடாப்டரைச் செருகியதும் ஒரு சின்ன 'ங்ங்ங்' ஒலியோடு அது சுற்றத் தொடங்கியதை இன்றும் மறக்கவில்லை.

ஐடிஇ டிஸ்கில் ஊசிகளின் ஓரத்தில் குட்டி பிளாஸ்டிக் தொப்பி ஒன்று செருகியிருக்கும். அதை ஜம்பர் என்பார்கள். டிஸ்க் தெரியவில்லை என்றால், அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள படத்தைப் பார்த்து 'மாஸ்டர்' நிலைக்கு மாற்றிச் செருகுங்கள்.

லேப்டாப்பில் மெல்லிய பட்டை போன்ற எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாத டிஸ்க்) இருந்தால் அது எம்.2 வகை. அதிலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. அதை உள்ளே வைத்து யூஎஸ்பியில் இணைக்கும் கேஸை, இரண்டுக்கும் ஆகும்படி கேட்டு வாங்குங்கள்.

படி 3: இணைத்துக் காது கொடுப்பது

டிஸ்கை மெத்தையில் வைக்காமல் மேஜையில் தட்டையாக வையுங்கள். சுற்றும்போது நகர்த்தாதீர்கள். முதலில் மின்சாரம், பிறகு யூஎஸ்பி.

சீரான சுழற்சி ஒலியும் இடையிடையே மெல்லிய கரகரப்பும் இயல்பு. 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முயற்சியும் தகட்டைச் சுரண்டக்கூடும். அந்த டிஸ்கை டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுப்பதுதான் வழி. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

படி 4: கோப்புகளைத் தேடுவது

எல்லாம் சரியாக இருந்தால் 'திஸ் பிசி'யில் புதிய டிரைவ்கள் தெரியும். ஒரே டிஸ்க் இரண்டு மூன்று டிரைவ்களாகப் பிரிந்தும் தெரியலாம். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

எக்ஸ்பி காலத்துக் கணினியானால் 'டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் போங்கள். விஸ்டாவும் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால் 'யூசர்ஸ்'. உள்ளே உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டின்யூ' அழுத்துங்கள். இது டிஸ்கில் அனுமதிக் குறிப்பை மாற்றி எழுதும். நல்ல நிலையில் உள்ள டிஸ்குக்கு மட்டும் நான் இந்த விலக்கைக் கொடுப்பேன்.

பழைய பாஸ்வேர்டு மறந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். விண்டோஸ் பாஸ்வேர்டு வாசலைத்தான் பூட்டும், பொதுவாகக் கோப்புகளைப் பூட்டுவதில்லை. டிஸ்க் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் கதை வேறு: 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். டெஸ்க்டாப்பும் ஒரு ஃபோல்டர்தான். டி டிரைவின் மூலையில் 'நியூ ஃபோல்டர் (3)' என்று கிடப்பதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள். பழைய மின்னஞ்சல்கள் மறைந்திருக்கும் ஃபோல்டர்களில் இருக்கும். 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும்.

தமிழில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றியும் வைக்கலாம்.

டிஸ்க் தெரிகிறது, திறக்கவில்லை என்றால்

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'ட்ரை' முறையில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் திறக்க மறுக்கும் சில டிஸ்குகளை லினக்ஸ் திறந்துவிடும். முன்பே அழித்த, ஃபார்மட் ஆன கோப்புகளுக்கு டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இலவச மென்பொருள்கள் உண்டு. போட்டோரெக் படங்களை மீட்கும், ஆனால் கோப்புப் பெயர்கள் திரும்பாது. மீட்பதை எப்போதும் வேறொரு டிஸ்கில் சேமியுங்கள். எஸ்எஸ்டியில் அழித்தவை திரும்பும் வாய்ப்பு குறைவு.

படி 5: காப்பி எடுப்பது

கட் வேண்டாம், காப்பி மட்டும். மொத்த டிஸ்கையும் ஒரே இழுப்பில் இழுக்காமல், போனால் திரும்பவே வராதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், குரல் பதிவுகள், சொந்தமாக எழுதியவை. பாட்டும் படமும் கடைசியில். யூஎஸ்பி 2.0 வழியாக 100 ஜிபி எடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள். காப்பி போய்ச் சேரும் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. நீண்ட வீடியோக்கள் அங்கேதான் நின்றுபோகும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். பழைய கைப்பேசிகளின் ஏஎம்ஆர் (.amr) குரல் பதிவுகளும் 3ஜிபி (.3gp) வீடியோக்களும் சாதாரண பிளேயரில் ஓடாவிட்டால் விஎல்சி என்ற இலவச பிளேயரில் முயலுங்கள். அப்பாவின் டிஸ்கில் பெயர் தெரியாத ஒரு ஏஎம்ஆர் கோப்பை அப்படித்தான் ஓட்டினேன். பதினோரு விநாடி. "டேய், சாப்டியா? போனை வைக்காதடா" என்று பாட்டி கேட்டார்.

இன்னொரு காப்பியை வேறொரு டிஸ்கில் எடுத்துவையுங்கள். பழைய டிஸ்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். 'காப்பி எடுத்தாயிற்று' என்று தேதியோடு ஒரு சீட்டு ஒட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து விட்டுப்போன ஃபோல்டர் ஒன்று நினைவுக்கு வரும்.